பேலா பார்டோக்: கிராமத்துப் பாட்டிலிருந்து பிறந்த இலக்கணம்

அவையோருக்கு வணக்கம்.

பேலா பார்டோக் யார் என்று மேற்கத்திய இசை ஓரளவு தெரிந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். ஹங்கேரியின் நாட்டுப்புறப் பாட்டை எடுத்து மேடைக்குக் கொண்டுவந்தவர் என்பார்கள். இல்லாவிட்டால், பியானோவைத் தாளக்கருவி போலத் தட்ட வைத்தவர் என்பார்கள். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய முதிர்ந்த படைப்புகளைக் கேட்கப் போனால் ஒன்றும் பிடிபடாது. அவற்றில் பல இடங்களில் ஒரு நாட்டுப்பாட்டுகூட இருக்காது. ஆனால் ஸ்வரம் போகும் போக்கு, அடி முடியும் இடம், தாளம் பிரியும் விதம் எல்லாமே கிராமத்துப் பாட்டிலிருந்து அவர் கண்டெடுத்த விதிகளின்படி நடக்கும். அந்த விதிகள் என்ன, அவற்றை எப்படிக் கண்டுபிடித்தார், அவை இசையில் எங்கே வேலை செய்கின்றன என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1881 மார்ச் 25 அன்று நாட்சென்ட்மிக்லோஷ் என்ற ஊரில் பிறந்தார். அன்று அது ஹங்கேரி, இன்று ருமேனியா. தந்தை வேளாண்மைப் பள்ளி ஒன்றின் தலைவர். மகனுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தாய் பவுலா ஆசிரியை வேலை பார்த்து, வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். மகனுக்கு முதல் பியானோ ஆசிரியரும் அவர்தான். 1899இல் புடாபெஸ்ட் இசை அகாதெமியில் சேர்ந்தார். அங்கே பியானோ கற்பித்த இஷ்ட்வான் தோமான், புகழ்பெற்ற ஹங்கேரிய இசையமைப்பாளர் லிஸ்ட்டின் மாணவர். 1907இல் அதே அகாதெமியில் பியானோ பேராசிரியரானார். இசையமைப்பைக் கற்பிக்க மட்டும் கடைசிவரை மறுத்தார்.

1904 கோடையில் இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள ஒரு சிற்றூரில் தங்கியிருந்தபோது, பக்கத்து அறையில் லிடி டோஷா என்ற பணிப்பெண் குழந்தைக்குப் பாடுவதைக் கேட்டார். டிரான்சில்வேனியாவிலிருந்து வந்த பெண் அவர். நகரத்து உணவு விடுதிகளில் ஜிப்சி வாத்தியக் குழுக்கள் வாசித்த, லிஸ்ட் முதல் எல்லோரும் ஹங்கேரி இசை என்று நம்பிய சரக்கு அதில் இல்லை. பார்டோக் அந்தப் பாட்டை எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு சக இசையமைப்பாளர் சோல்டான் கோடாயைச் சந்தித்தார். 1906இல் இருவரும் சேர்ந்து ஆளுக்குப் பத்தாக இருபது பாடல்களைப் பியானோ துணையோடு வெளியிட்டார்கள்.

பாட்டுச் சேகரிப்பு என்றால் நோட்டுப்புத்தகத்தோடு ஊர் சுற்றுவது என்று நினைக்க வேண்டாம். கிராமத்துக்குச் சுமந்து போன ஃபோனோகிராஃபில் மெழுகு உருளை ஒன்று சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. பத்துச் சரணம் உள்ள பாட்டில் இரண்டு மூன்றுதான் உருளையில் ஏறும், மிச்சத்தைக் கையால் எழுத வேண்டும். பாடுகிறவர் குழலுக்கு நேரே முகத்தை வைத்து, அசையாமல், ஒரே அளவு குரலில் பாட வேண்டும். தலை சற்றுத் திரும்பினாலும் அந்த அடி தேய்ந்துபோகும். வயதான பெண்கள் வெட்கப்பட்டுப் பாட மறுப்பார்கள், ஆனால் தேவை அவர்களுடைய பாட்டுதான். இளைஞர்கள் பாடியது பெரும்பாலும் அண்மைக்காலப் பாணி. உருளையை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஊசி மெழுகைச் சிறிது அரித்துவிடும். அதனால் முதல் படியை ஊரிலேயே காதால் கேட்டு எழுதிவிட்டு, நுணுக்கம் தேவையான இடங்களுக்கு மட்டும் உருளையை ஓட்ட வேண்டும். கமகம் போன்ற சிறு அலங்காரங்களைப் பிடிக்க வேகத்தைக் குறைத்து ஓட்டுவார்கள். சுருதி கீழே இறங்கினாலும் ஸ்வரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து கேட்கும்.

ஹங்கேரியப் பாடல்களோடு அவர் நிற்கவில்லை. ஸ்லோவாக்கியப் பாடல்கள், ருமேனியப் பாடல்கள் ஒவ்வொன்றிலும் மூவாயிரம் அளவில் தொகுத்தார். 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ராவுக்குப் போய் அரபுப் பாடல்களைப் பதிந்தார். 1936இல் துருக்கிய இசையமைப்பாளர் அகமது அத்னான் சாய்குனோடு துருக்கியில் பதிந்தார். முதல் உலகப்போருக்குப் பின் எல்லைகள் மாறி அவர் நடந்த கிராமங்களில் பல வேற்று நாடுகளுக்குப் போய்விட்டன. ருமேனியப் பாட்டை ஆராய்கிறவர் தேசப்பற்று இல்லாதவர் என்று சொந்த நாட்டிலேயே ஏச்சு வாங்கினார். ஆனாலும் அந்த வேலையை அவர் கைவிடவில்லை.

சேகரித்ததை எப்படி அடுக்கினார் என்பதில்தான் அவருடைய இசையின் திறவுகோல் இருக்கிறது. ஃபின்லாந்தின் இல்மாரி க்ரோன் வகுத்த முறையை எடுத்துத் திருத்திக்கொண்டார். எந்தச் சுருதியில் பாடியிருந்தாலும் பாட்டின் கடைசி ஸ்வரம் ஜி (மேற்கத்தியர் ஸ்வரங்களுக்கு இடும் ஏ முதல் ஜி வரையான எழுத்துகளில் ஒன்று) ஆகும்படி எல்லாவற்றையும் மாற்றி எழுதினார். அப்போதுதான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். பாட்டுக்கு நான்கு அடி என்றால் முதல் மூன்று அடிகளும் எந்த ஸ்வரத்தில் போய் நிற்கின்றன என்று குறித்தார். இரண்டாம் அடியின் முடிவு பாட்டின் நடு இடுப்பு என்பதால் அதற்குத் தனி மதிப்பு. பிறகு அடிக்கு எத்தனை அசை, நடை கட்டில்லாததா தாளக்கட்டு உள்ளதா, பாட்டின் உச்ச ஸ்வரமும் மிகத் தாழ்ந்த ஸ்வரமும் எவை என்று பார்த்தார். இப்படி ஆயிரக்கணக்கான பாடல்களைச் சலித்தபோது ஹங்கேரியப் பாட்டு இரண்டு தெளிவான பாணிகளாகவும் ஒரு கலப்புக் குவியலாகவும் பிரிந்தது.

பழைய பாணியின் இலக்கணம் இது. ஐந்தே ஸ்வரங்கள்: ஜி, பி ஃபிளாட், சி, டி, எஃப். நம் காதுக்குச் சொன்னால் ச க₂ ம₁ ப நி₂, அதாவது சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். பாட்டு மேலே தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கும். பல பாடல்களில் முதல் இரண்டு அடிகள் பாடியதையே அடுத்த இரண்டு அடிகள் ஒரு பஞ்சம அளவு கீழே பாடும். 1907இல் டிரான்சில்வேனியாவின் சீக் பகுதியில் இத்தகைய ஐந்து ஸ்வரப் பாடல்களை அவர் ஏராளமாகக் கண்டது பெரிய திருப்பம். புதிய பாணியில் முதல் அடி கடைசி அடியாகத் திரும்பி வரும். நடுவில் பாட்டு மேலே ஏறி வளைவுபோல இறங்கும், தாளம் கறாராக இருக்கும்.

இதிலிருந்து அவருடைய ஒத்திசைவு, அதாவது பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் கூட்டாக ஒலிக்கவிடும் முறை, எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். ஐரோப்பியச் செவ்வியல் இசையில் ஏழாம் ஸ்வரம் சேர்ந்த கூட்டு முரண் உள்ளது, அது தீர்ந்தாக வேண்டும். ஆனால் பழைய ஹங்கேரியப் பாட்டில் ச, க, ப, நி நான்கும் சம உரிமையோடு வருகின்றன, நி எங்கும் ஓடிப்போகத் துடிப்பதில்லை. அப்படியானால் இந்த நான்கையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு அங்கேயே நிறுத்தினால் என்ன என்று பார்டோக் கேட்டார். 1907இல் முடித்த, இசைக்குழுவுக்கான பல பகுதிப் படைப்பான இரண்டாம் சூட்டில் ஒரு பகுதியை அத்தகைய கூட்டிலேயே முடித்தார். அதே பாட்டுகளில் பாட்டு அடிக்கடி நான்கு ஸ்வர தூரம் தாவுகிறது, எனவே அவருடைய கூட்டுகளிலும் அந்த இடைவெளி அடுக்கடுக்காக வரும். பஞ்சமத்திலிருந்து ஆதாரத்துக்கு வந்து முடியும் வழக்கமான மேற்கத்திய முடிப்பு அந்தப் பாடல்களில் இல்லை, அவருடைய இசையிலும் அது மெல்ல மறைந்தது. புரட்சி செய்ய வேண்டுமென்று கிளம்பிச் செய்த காரியமில்லை இது. எழுதி அடுக்கிய பாட்டு கற்றுக்கொடுத்தது.

நாட்டுப்பாட்டை மூன்று விதமாகப் பயன்படுத்தலாம் என்று அவரே விளக்கியிருக்கிறார். பாட்டை மாற்றாமல் வைத்துத் துணையிசை சேர்ப்பது முதல் வழி. 1915இல் எழுதிய ஆறு ருமேனிய நடனங்கள் அதற்கு உதாரணம். பாட்டைப் போலவே சொந்தமாக ஒன்றைப் புனைவது இரண்டாம் வழி. 1908இல் எழுதிய சிறு பியானோ துண்டான 'டிரான்சில்வேனியாவில் ஒரு மாலை'யில் ஐந்து ஸ்வரத்தில் கட்டில்லாத நடையும் துள்ளல் நடையும் மாறி மாறி வருகின்றன. இரண்டும் அவர் புனைந்தவை. மூன்றாவது, பாட்டோ போலியோ எதுவும் இல்லாமல் அதன் உயிர்ப்பு மட்டும் இசையில் ஊறியிருப்பது. பெரிய படைப்புகள் எல்லாம் இந்த வகை.

1911இல் எழுதிய ஓபரா 'நீலத்தாடியின் கோட்டை' மூன்றாம் வகைக்குள் போகும் வாசல். ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். ஜெர்மன், இத்தாலிய ஓபராவின் பாட்டு வார்ப்பில் அந்த மொழியை ஊற்றினால் அழுத்தம் தப்பான இடத்தில் விழுந்து சொல் சிதையும். பார்டோக் பழைய பாட்டின் பேச்சுநடையை எடுத்து, எட்டு அசை அடிகளைப் பேசுவது போலவே பாட வைத்தார். ஏழு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். எஃப் ஷார்ப்பில் இருட்டாகத் தொடங்கும் இசை, ஐந்தாம் கதவு திறந்து நீலத்தாடியின் பரந்த நாடு தெரியும்போது முழு இசைக்குழுவும் ஆர்கனும் சேர்ந்து சி மேஜரில் வெடிக்கும். பின் மறுபடி எஃப் ஷார்ப்புக்குத் திரும்பும். போட்டிக்கு அனுப்பி நிராகரிக்கப்பட்ட இந்த ஓபரா 1918 மே மாதம்தான் மேடையேறியது. பின்னர் எழுதிய 'அதிசய மாண்டரின்' என்ற மௌன நாடகம் 1926இல் கொலோன் நகரில் ஒரே காட்சியோடு தடை செய்யப்பட்டது. தடுத்தவர் அந்நகர மேயராக இருந்த கொன்ராட் ஆடெனாவர்.

எஃப் ஷார்ப்புக்கும் சி-க்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். சட்ஜத்திலிருந்து பிரதி மத்யமம். ஸ்வரச் சக்கரத்தில் நேர் எதிர்ப்புள்ளி. இதை வைத்து அவர் கட்டிய மிகத் துல்லியமான கட்டடம் 1936இல் பாசல் நகரின் இசைக்குழு நடத்துநர் பவுல் சாகர் கேட்டு எழுதிய 'தந்திக் கருவிகள், தாளக்கருவிகள், செலஸ்டாவுக்கான இசை'. அதன் முதல் பகுதியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஒலியடக்கி மாட்டிய வயோலாக்கள் ஏ ஸ்வரத்தில் தனியாகத் தொடங்குகின்றன. பாட்டு ஒரு பஞ்சம இடைவெளிக்குள்ளேயே, அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக ஊர்ந்து செல்கிறது. அடுத்து அதே பாட்டு ஒரு பஞ்சமம் மேலே ஈ-யில் வயலின்களிடம் வருகிறது. அதற்கடுத்து தொடங்கிய இடத்திலிருந்து ஒரு பஞ்சமம் கீழே டி-யில் செலோக்களிடம். இப்படி ஒரு நுழைவு மேலே, ஒரு நுழைவு கீழே என்று இரு பக்கமும் விலகிக்கொண்டே போகின்றன. மேலே போகும் வரிசை ஏ, ஈ, பி, எஃப் ஷார்ப், சி ஷார்ப், ஜி ஷார்ப். கீழே போகும் வரிசை ஏ, டி, ஜி, சி, எஃப், பி ஃபிளாட். இரண்டும் ஆறாவது படியில் ஒரே ஸ்வரத்தில் வந்து சந்திக்கின்றன: ஈ ஃபிளாட், தொடங்கிய ஏ-க்கு நேர் எதிர்ப்புள்ளி. அங்கே எல்லாத் தந்திகளும் உரத்து ஒரே ஸ்வரத்தில் முழங்குகின்றன. அதன்பின் பாட்டு கண்ணாடியில் பார்த்ததுபோலத் தலைகீழாகி, ஏறியது இறங்க, இறங்கியது ஏற, ஏ-க்குத் திரும்புகிறது. முடிவுக்குச் சற்று முன்புதான் செலஸ்டா, அதாவது மணிபோல் ஒலிக்கும் சிறு விசைப்பலகைக் கருவி, வருகிறது. கடைசி வரியில் பாட்டும் அதன் தலைகீழ் வடிவமும் ஒன்றாக ஏ-யில் புறப்பட்டு, ஈ ஃபிளாட் வரை விலகி, மீண்டும் ஏ-யில் சேர்கின்றன. முழுப் பகுதியின் வழியும் ஒரே வரியில்.

நான்காம் பகுதியில் இதே பாட்டு இன்னொரு உருவில் வருகிறது. நெருக்கி வைத்த அரை ஸ்வரங்களை விரித்துப் பெரிய இடைவெளிகளாக்கி, ச ரி₂ க₃ ம₂ ப த₂ நி₂ என்ற அளவில் பாட வைக்கிறார். நாம் வாசஸ்பதி என்று அறிந்த அதே ஸ்வரத் தொகுதி. முதல் பகுதியில் மூச்சு முட்டிய பாட்டு இங்கே நெஞ்சை நிமிர்த்திப் பாடுவதைக் கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது.

பன்னிரண்டு ஸ்வரங்களையும் பயன்படுத்திக்கொண்டே ஆதார ஸ்வரத்தை இழக்காமல் இருப்பது எப்படி என்பதை 1943இல் ஹார்வர்டு உரைகளில் விளக்கினார். ஒரே ஆதாரத்தின் மேல் ஃப்ரிஜியன், லிடியன் என்ற பழைய மேற்கத்திய ஸ்வர அளவுகள் இரண்டையும் சேர்த்துப் பாடச் சொல்கிறார். நம் மொழியில் தோடியின் ஸ்வரங்களும் கல்யாணியின் ஸ்வரங்களும். எண்ணிப் பாருங்கள்: தோடியில் ஏழு, கல்யாணியில் ஏழு, பொதுவானவை ச, ப இரண்டு மட்டும். பதினான்கில் இரண்டு போனால் பன்னிரண்டு, ஒன்றும் விடுபடவில்லை. ஆனால் ச ஆதாரமாக அப்படியே நிற்கிறது. 1920களில் வியன்னாவில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க் ஆதாரத்தையே நீக்கிவிட்டுப் பன்னிரண்டு ஸ்வரங்களை வரிசையாக்கினார். பார்டோக்கின் வழி முற்றிலும் வேறு. கேட்பவருக்கு நிற்க ஓர் இடம் இருக்கிறது என்பதால் இந்த வழியே எனக்கு உகந்தது.

பொன் விகிதம் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எர்னோ லென்ட்வாய் என்ற ஹங்கேரிய ஆய்வாளர் நான் சொன்ன முதல் பகுதியில் 89 கட்டங்கள் (இசைத்தாளில் கோடுகளால் பிரித்த தாளப் பிரிவுகள்), உச்சம் 55இல், எல்லாம் ஃபிபொனாச்சி எண்கள், அதாவது முந்தைய இரண்டின் கூட்டலாக வளர்ந்து பொன் விகிதத்தை நெருங்கும் எண்கள், என்று எழுதினார். இணையத்தில் அது வேதவாக்காகப் பரவியிருக்கிறது. அச்சிட்ட இசைத்தாளில் இருப்பது 88 கட்டங்கள், கடைசியில் ஒரு மௌனக் கட்டத்தைத் தாமாகச் சேர்த்தால்தான் 89 வரும். மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் சைலஃபோன் ஒரே ஸ்வரத்தை 1, 1, 2, 3, 5, 8 என்று அடர்த்தியாக்கித் தட்டிப் பிறகு குறைப்பது உண்மை. அதிலிருந்து அவர் எல்லாப் படைப்புகளையும் கணக்குப் போட்டே எழுதினார் என்று போய்விடக் கூடாது. அப்படி எழுதியதாக அவர் எங்கும் சொல்லவில்லை.

தாளத்துக்கு வருகிறேன். பல்கேரிய நடனத் தாளங்கள் அவரைப் பித்துப்பிடிக்க வைத்தன. மிக வேகமான சிற்றலகுகளை 4+2+3 என்றோ 2+2+3 என்றோ 3+3+2 என்றோ சேர்ப்பார்கள். அலகின் வேகம் நிமிடத்துக்கு முந்நூறையும் தாண்டும். நான்கு தந்திக் கருவிகளுக்கான ஐந்தாம் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டின் நடுப்பகுதி 4+2+3. 'மிக்ரோகாஸ்மாஸ்' என்ற பியானோ பயிற்சித் தொகுப்பின் 148 முதல் 153 வரையான ஆறு நடனங்களும் இவ்வகையே. பயிற்சியில் கெட்டுப்போகும் இடம் எப்போதும் ஒன்றுதான்: 4+2+3ஐ வாசிக்கிறவரின் கை அறியாமலேயே மூன்று சம அடிகளாக்கி 3+3+3 ஆக்கிவிடும். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்ணினால் அந்த வேகத்துக்கு நாக்கு வராது, தப்பவே செய்யும். நெடில், குறில், நடுத்தரம் என்று நீளம் வேறான மூன்று அடிகளாக உணர வேண்டும். தகதிமி, தக, தகிட என்று சொல்லி ஒவ்வொன்றின் தலையிலும் கைதட்டி, வாய் நிற்காமல் ஓடும்போது கருவியை எடுங்கள். மெதுவாகத் தொடங்குங்கள், ஆனால் மெதுவான வேகத்திலேயே பழக்கிவிட்டால் மூன்று அடிகள் ஒன்பது அடிகளாக உடைந்துபோகும். சீக்கிரம் வேகத்தைக் கூட்டிவிடுவது நல்லது.

'மிக்ரோகாஸ்மாஸ்' மொத்தம் ஆறு தொகுதிகள், 153 துண்டுகள். முதல் இரண்டு தொகுதிகள் தம் மகன் பீட்டருக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கையில் பயன்பட்டவை. வலது கை பாட்டு, இடது கை துணை என்ற வழக்கமான தொடக்கப் பாடம் இதில் இல்லை. இரு கைகளும் ஒரே பாட்டை ஒரு ஸ்தாயி இடைவெளியில் வாசித்துத்தான் தொடங்கும். இடது கை வேலைக்காரன் ஆகிவிடக் கூடாது என்பது நோக்கம். ஆசிரியர்கள் செய்யும் தவறு, துண்டுகளை எண் வரிசையில் ஓட்டிவிடுவது. வேறு சுருதிகளுக்கு மாற்றியும் வாசிக்க வேண்டும் என்று முன்னுரையில் அவரே யோசனை தருகிறார், அதைச் செய்யாவிட்டால் பாதிப் பயன் போய்விடும்.

வயலின் குடும்பத்தாருக்கு ஒன்று. நான்காம் குவார்ட்டெட்டின் நான்காம் பகுதி முழுவதும் வில் இல்லை, விரலால் மீட்டுவது மட்டும். அதில் சில இடங்களில் ஸ்வரத்தின் மேல் ஒரு சிறு வட்டமும் அதன் உச்சியில் குட்டைக் கோடும் இருக்கும். தந்தியைப் பலகைக்குச் செங்குத்தாக மேலே இழுத்து விட வேண்டும், அது திரும்பி வந்து பலகையில் அறைய வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் அந்த அறை கேட்காது. செலோக்காரர்கள் இதைக் கட்டைவிரல் நிலைக் குறியோடு குழப்பிக்கொள்வதுண்டு. அதில் கோடு வட்டத்தின் கீழே இருக்கும்.

பியானோவைத் தட்ட வைத்தவர் என்ற பேச்சுக்கு 'அலெக்ரோ பார்பரோ'வும் 1926இன் சொனாட்டாவும் காரணம். அவர் தாமே வாசித்த பதிவுகள் கிடைக்கின்றன, கேளுங்கள். தட்டுகிற இடத்தில் தட்டுகிறார். பாட்டு வரும் இடத்தில் கிராமத்துப் பாட்டி பாடுவதுபோல் நடையை நீட்டியும் சுருக்கியும் பேச விடுகிறார். எல்லாவற்றையும் ஒரே வலுவில் அடிக்கும் இன்றைய வாசிப்புக்கு அவரிடம் ஆதாரம் இல்லை.

ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய பின் வியன்னா பதிப்பகத்தை விட்டு லண்டன் பதிப்பகத்துக்கு மாறினார். இனம் என்ன என்று கேட்டு வந்த படிவத்தை நிரப்ப மறுத்தார். 1939 இறுதியில் தாய் இறந்ததும் அவரைக் கட்டிவைத்த கடைசிக் கயிறும் அறுந்தது. 1940 அக்டோபரில் மனைவி டிட்டாவோடு அமெரிக்கா போனார். போவதற்கு முன் எழுதிய உயிலில், ஹிட்லர், முசோலினி பெயர்களில் ஹங்கேரியில் தெருக்கள் இருக்கும்வரை தம் பெயரை எந்தத் தெருவுக்கும் வைக்கக் கூடாது என்று எழுதினார். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செர்பிய-குரோவேசியப் பாடல் பதிவுகளை எழுதும் வேலை. கச்சேரிகள் குறைவு, உடல்நலம் மோசம். 1943இல் மருத்துவமனையில் இருந்தபோது பாஸ்டன் இசைக்குழுவின் நடத்துநர் கூசெவிட்ஸ்கி 1000 டாலருக்குப் புதிய படைப்பு ஒன்றைக் கேட்டு வந்தார். நண்பர்களான வயலின் கலைஞர் சிகெட்டியும் நடத்துநர் ரைனரும் ஏற்பாடு செய்தது அது. தானமாகத் தந்தால் வாங்க மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த 'இசைக்குழுக் கான்செர்ட்டோ' 1944 டிசம்பர் 1 அன்று அரங்கேறியது. 1945 செப்டம்பர் 26 அன்று இரத்தப்புற்றுநோயால் இறந்தார். மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவின் கடைசி 17 கட்டங்களுக்கு மட்டும் நண்பர் டிபோர் ஷெர்லி இசைக்குழு அமைப்பு எழுதி முடித்தார்.

'இசைக்குழுக் கான்செர்ட்டோ'வின் இரண்டாம் பகுதியில் ஒலிநரம்பு தளர்த்திய சிறு முரசு தொடங்க, கருவிகள் ஜோடி ஜோடியாக வரும். பசூன்கள் ஆறாம் இடைவெளியில், ஓபோக்கள் மூன்றாம் இடைவெளியில், கிளாரினெட்டுகள் ஏழாம் இடைவெளியில், புல்லாங்குழல்கள் ஐந்தாம் இடைவெளியில், அடக்கி மாட்டிய டிரம்பெட்டுகள் இரண்டாம் இடைவெளியில். பல ஆண்டுகளாக நடத்துநர்கள் இதை நிதானமாக வாசித்தார்கள், ஏனென்றால் அச்சிட்ட முழுத்தாளில் வேகம் நிமிடத்துக்கு 74 அடி என்று இருந்தது. சிகாகோ இசைக்குழுவோடு ஒத்திகை பார்த்தபோது முரசுக்காரர் வேகமாகத் தொடங்குவதை நடத்துநர் ஜார்ஜ் ஷோல்டி கவனித்தார். தம் தாளில் 94 என்று இருப்பதாக முரசுக்காரர் சொன்னார். வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் உள்ள கையெழுத்துப் பிரதியைப் பார்க்கச் சொன்னார் ஷோல்டி. அதிலும் 94தான். உங்களிடம் உள்ள பதிவு எந்தப் பக்கம் என்று அறிய எளிய வழி உண்டு. முரசு முடிந்து பசூன்கள் வந்ததும் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து வினாடிகளுக்கு அடிகளை எண்ணுங்கள். பன்னிரண்டு வந்தால் அச்சுப்பிழையின் வேகம். பதினைந்து பதினாறு வந்தால் பார்டோக் எழுதிய வேகம்.